12 லட்சத்துக்குள் எத்தனை கணக்கு?

வாசகி கேள்வி:

வணக்கங்க மேடம். எனக்கு 33 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராமம். 2014இல் பல்லடம் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாமனார் பெயரில் 24 விசைத்தறியும் கொஞ்சம் காடும் இருக்கின்றன. தறிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் கணவர்தான், ஆனால் அவர் பெயரில் எதுவும் கிடையாது. கையில் காசு தர மாட்டார். நாப்கின் வாங்கக்கூட அத்தையிடம் கேட்டு நிற்க வேண்டும். இரண்டு முறை அடித்திருக்கிறார். 14 மாதமாகப் பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. தனியார் பள்ளியில் 14,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். பிள்ளைகள் செலவுக்கு அங்கிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் என்று சொல்லி மகனைக் கூட்டிப்போனவர்கள் 12 நாள் கழித்துத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

போன மாதம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பெண் எனக்கு, பையன் வாரிசு என்பதால் அவர்களுக்கு. அத்தை லாக்கரில் இருக்கும் என் 42 பவுன் நகை உட்பட எல்லாம் சேர்த்து 12 லட்சம். பத்திரத்தில் கையெழுத்து போட்டுவிட்டு, அப்புறம் கோர்ட்டில் சம்மத விவாகரத்து வாங்கலாம் என்கிறார்கள். இதற்கு நடுவில், சேர்ந்து வாழ வரச்சொல்லி அவரிடமிருந்து வக்கீல் நோட்டீசும் வந்திருக்கிறது. அப்பா, ‘வாங்கிட்டு முடிச்சுக்கலாம் சாமி’ என்கிறார். சித்தப்பாவோ, வேலைக்குப் போனால் ஜீவனாம்சம் கிடைக்காது, வேலையை விடு என்கிறார். கோர்ட்டுக்குப் போனால் வருமானமே இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்களா? பையனை விட்டுக்கொடுக்க வேண்டிவருமா? வரும் ஞாயிறு மறுபடியும் பேச்சு இருக்கிறது.

பெயர் வேண்டாம், கோபி பக்கம்

வழக்கறிஞர் பதில்:

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குப் போங்கள் அம்மிணி. சொல்வதைக் கேளுங்கள், உங்கள் பங்குக்கு நாலு வார்த்தை பேசுங்கள். கையெழுத்து மட்டும் எதிலும் வேண்டாம். வெள்ளைத்தாளாக இருந்தாலும் சரி, 20 ரூபாய் பத்திரமாக இருந்தாலும் சரி.

காரணம் இதுதான். அந்த 12 லட்சத்துக்குள் நான்கு தனித்தனிக் கணக்குகளைப் போட்டு மூட்டை கட்டியிருக்கிறார்கள். உங்கள் நகை, உங்கள் ஜீவனாம்சம், பிள்ளைகளின் வளர்ப்பும் செலவும், விவாகரத்து. காடு வாங்கும்போது கிணறு, மோட்டார், தென்னை எல்லாம் சேர்த்து ஒரே விலை பேசி முடிப்பார்கள். அதே பழக்கத்தில் இதையும் பேசுகிறார்கள். கோவை கோர்ட்டில் 20 வருஷத்துக்கும் மேலாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். சட்டத்தில் தோற்ற பெண்களைவிட, கூட்டிக் கழித்துப் பார்க்காமல் கையெழுத்து போட்டு ஏமாந்த பெண்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, கூட்டிக் கழிப்போம். 42 பவுன் என்றால் 336 கிராம். இன்றைக்குப் பவுன் என்ன விலை என்று கடையில் கேட்டு, 12 லட்சத்துக்கு எத்தனை பவுன் வரும் என்று வகுத்துப் பாருங்கள். 21 பவுன்கூட வராது. உங்கள் நகையில் பாதிக்கும் குறைவான மதிப்பை உங்களிடமே திருப்பிக் கொடுத்து, அதற்குள்ளேயே உங்கள் ஜீவனாம்சத்தையும் மகளின் படிப்பையும் அடக்கிவிட்டார்கள். பணம் கொடுப்பது அவர்கள் போலத் தெரிகிறது. கணக்குப்படி கொடுப்பது நீங்கள்.

நகையை விட்டுவிட்டே பார்த்தாலும் கட்டவில்லை. மகள் 18 வயதைத் தொட இன்னும் 9 வருஷம், அதாவது 108 மாதம். 12 லட்சத்தை 108ஆல் வகுத்தால் மாதம் 11,111 ரூபாய். அம்மாவும் மகளும் அதில் சாப்பிட்டு, துணி எடுத்து, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். காலேஜ் வரும்போது கை காலி. இரண்டு பிள்ளைகளும் உங்களோடு வளர்ந்தால் மகனுக்கு 168 மாதம் சேரும், மொத்தம் 276. ஒரு பிள்ளைக்கு மாதம் 4,350 ரூபாய்கூடத் தேறாது. உங்களுக்கென்று அதில் ஒரு பைசாவும் இல்லை. பேங்கில் போட்டால் வட்டி வருமே என்பார் உங்கள் அப்பா. வரும். பள்ளிக் கட்டணமும் வேன் வாடகையும் வருஷா வருஷம் ஏறவும் செய்யும்.

முதலில் நகை. கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் உங்கள் பெற்றோர், மாமன்மார், ஏன் மாமியார் வீட்டாரே உங்களுக்கென்று போட்ட நகை உங்கள் சீதனம். கணவருக்கோ மாமியாருக்கோ அதில் பாத்தியம் கிடையாது. அவர்கள் லாக்கரில் இருப்பதால் அவர்களுடையது ஆகிவிடாது. 1985இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது, 2024இலும் திரும்பச் சொன்னது. கேட்டும் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவும் ஆகலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டே சீதனத்தைத் திருப்பித் தர உத்தரவிடலாம்.

கோர்ட்டில் இடறுவது சட்டத்தில் அல்ல, பட்டியலில். ‘42 பவுன்’ என்று மொத்தமாகச் சொன்னால், 20தான் இருந்தது என்பார்கள். இன்றிரவே அம்மாவை உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆரம் எத்தனை பவுன், யார் போட்டது, நிச்சயத்துக்கா, கல்யாணத்துக்கா, வளைகாப்புக்கா, கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் அது கழுத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும். நகைக்கடை பில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடகு வைத்து மீட்ட ரசீது, வீடியோ, சீர் வரிசையை எழுதி வைத்த பழைய நோட்டு எல்லாமே உதவும். மாப்பிள்ளைக்குப் போட்ட செயினையும் மோதிரத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மொத்தப் பட்டியலின் மேலேயே சந்தேகம் வரும்.

அந்தப் பத்திரம் விஷயம். இந்துத் திருமணத்தைக் கலைக்க நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதும் விடுதலைப் பத்திரத்தால் திருமணம் முடிந்துவிடாது. ‘எங்க வழக்கத்துல தீர்த்து விடறது உண்டு’ என்று யாராவது சொல்லலாம். அப்படி ஒரு வழக்கத்தைச் சட்டம் ஏற்கும், ஆனால் அது காலங்காலமாக இருந்து வருகிறது என்று கோர்ட்டில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அது லேசில் ஆகிற காரியமல்ல. பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர்கள் இருதார வழக்கில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பத்திரம் விவாகரத்து ஆகாதே தவிர, ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று அதில் நீங்கள் எழுதிக்கொடுக்கும் வரி மட்டும் பின்னால் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

இப்போது அந்த வக்கீல் நோட்டீஸ். ஒரு பக்கம் தீர்த்துக்கொள்ளப் பேச்சு, இன்னொரு பக்கம் சேர்ந்து வாழ வா என்று நோட்டீஸ். குழம்பாதீர்கள். காரணமில்லாமல் இரண்டு வருஷம் விட்டுப் போய்விட்டார் என்பது விவாகரத்துக்கு ஒரு காரணம். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது, இன்னும் 10 மாதம். அதற்குள், ‘நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை’ என்று ஒரு காகிதம் அவர்களுக்கு வேண்டும். நான் அந்தப் பக்கத்து வக்கீலாக இருந்தாலும் இதைத்தான் அனுப்பியிருப்பேன். பதில் போடாமல் விடுவதுதான் தப்பு. அடித்தது, செலவுக்குக் கொடுக்காதது, 14 மாதமாகப் பிள்ளைகளுக்கென்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதது, நகை லாக்கரில் இருப்பது என ஒவ்வொன்றையும் தேதியோடு சொல்லி, நீங்கள் வந்தது காரணத்தோடுதான் என்று ஒரு பதில் நோட்டீஸ் போக வேண்டும். சேர்ந்து வாழச் சொல்லி அவர் வழக்குப் போட்டு, தீர்ப்பே வாங்கினாலும், அதை வைத்து மட்டும் உங்கள் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போகாமல் இருக்க நியாயமான காரணம் இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

சம்மத விவாகரத்துக்கு ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், அது ஆகிவிட்டது. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்து, இனி சேர வழியே இல்லை என்றால் அந்தக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. சம்மதம் என்பது கடைசித் தீர்ப்பு நாள் வரைக்கும் இருக்க வேண்டும். நடுவில் மனம் மாறினால் நீங்கள் விலகிக்கொள்ளலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் இருக்கும் பெரிய பலமே இந்தச் சம்மதம்தான். அவர்களுக்குச் சீக்கிரம் முடிய வேண்டும் என்று தெரிகிறது. உங்களுக்கு என்ன அவசரம்?

பிள்ளைகள். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்த வரி, ‘பெண் எனக்கு, பையன் அவர்களுக்கு.’ பங்காளிகள் பாகம் பிரிக்கிற மாதிரி பேசியிருக்கிறார்கள், மேவரப்பு உனக்கு, கீழ்வரப்பு எனக்கு என்று. கோர்ட் அப்படிப் பார்க்காது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 4 வயதுதான். 5 முடிந்த மறுநாளே அப்பாவிடம் போய்விடுவான் என்பதும் இல்லை. அதற்குப் பிறகும் பிள்ளையின் நலன்தான் முதல் அளவுகோல். யாரிடம் காசு அதிகம், யாருக்கு வாரிசு வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். அக்காவையும் தம்பியையும் தக்க காரணம் இல்லாமல் பிரிக்க நீதிபதிகள் பொதுவாக விரும்புவதில்லை. 14 மாதமாக ஒரே வீட்டில், ஒன்றாகப் பள்ளிக்குப் போய் வருகிறார்கள் என்பது உங்களுக்குச் சாதகம்.

வாரிசு என்ற பேச்சுக்கு என்னிடம் நேரடியான பதில் ஒன்று உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் பிறப்பாலேயே சம பங்கு. தமிழ்நாட்டில் 1989லேயே வந்த சட்டம், 2005இல் நாடு முழுக்க வந்தது. பையன் கோபியில் தூங்கினாலும் பல்லடத்தில் தூங்கினாலும் அவன் பங்கு எங்கேயும் போகாது. அப்பாருவின் (உங்கள் மாமனாரின்) பயம் தோட்டத்தைப் பற்றியது என்றால் அதற்குப் பிள்ளையை இழுக்கத் தேவையில்லை. இதை ஞாயிற்றுக்கிழமை தைரியமாகச் சொல்லலாம். அதே சமயம், தாத்தா வழியாக வந்த எல்லாமே பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. மாமனார் தானே வாங்கியது, உயில் மூலம் வந்தது எல்லாம் வேறு. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் அசையாச் சொத்து உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்து எழுதவே முடியாது, கோர்ட் அனுமதி வேண்டும். அப்படி ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

மகளிடம் நீதிபதி தனியாகப் பேச வாய்ப்பு உண்டு. 9 வயதுப் பெண் என்ன நினைக்கிறாள் என்று கேட்பார்கள், அவள் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். தயவுசெய்து அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். மனப்பாடம் செய்த பதிலை நீதிபதிகள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அது சொல்லிக்கொடுத்தவர் தலையில்தான் விடியும். ‘எங்கப்பா அம்மாவை டார்ச்சர் செய்தார்’ என்று ஒரு சிறுவன் சொல்ல, டார்ச்சர் என்றால் என்ன கண்ணு என்று நீதிபதி கேட்க, அவன் திருதிருவென்று விழித்ததை நேரில் பார்த்தேன். அவனைக் கூட்டி வந்தது என் கட்சிக்காரர். அன்று எனக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை.

பொங்கலுக்குப் போய் 12 நாள் ஆன கதையால் இனிமேல் அனுப்பவே வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். முழுதாக அடைத்துவிடாதீர்கள். பார்க்க விடாத தாய் என்று பெயர் எடுத்தால் அது உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும். பிள்ளைகளுக்கும் அப்பா வேண்டும், அப்பாருவும் வேண்டும். அதற்குப் பதில் ஒழுங்கு கேளுங்கள். எந்தெந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே ஒப்படைப்பது, முழு ஆண்டு லீவில் எத்தனை நாள், தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், வாரத்தில் எந்த நாள் வீடியோ காலில் பேசுவது என்று கோர்ட்டிலேயே உத்தரவாக வாங்கலாம். உத்தரவு வரும் வரைக்கும் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வாட்ஸப்பில் ஒரு செய்தி: ‘வெள்ளி மாலை 5 மணிக்கு அனுப்புகிறேன், ஞாயிறு மாலை 5 மணிக்குக் கொண்டுவந்து விடவும்.’ அவர் ‘சரி’ என்று போட்டாலே போதும். மீறினால் கையில் ஆதாரம் இருக்கும்.

இதோடு சேர்ந்த ஒன்று: பணம் தராததற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கக்கூடாது, பிள்ளையைக் காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர் யாராக இருந்தாலும் கோர்ட்டில் கெட்ட பெயர்தான்.

இனி, அவர் பெயரில் ஒன்றுமே இல்லை என்கிற பாட்டு. பல்லடம், சோமனூர், திருப்பூர், கரூர் எங்கே போனாலும் இதே பாட்டுதான். தறி அப்பா பெயரில், கார் அண்ணன் பெயரில், வீடு அம்மா பெயரில், மாப்பிள்ளை மட்டும் அப்பாவிடம் மாதம் 8,000 சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். நீதிபதிகள் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். உடல் பலமுள்ள கணவன் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. 2020 நவம்பரில் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, இன்சூரன்ஸ், வண்டி எல்லாம் அதில் வரும். பொய் சொன்னால் அதற்கே தனியாக நடவடிக்கை எடுக்கலாம்.

அவர் எழுதுவதை மடக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நிறைய இருக்கும், நீங்கள் ஆதாரமாக நினைத்திருக்க மாட்டீர்கள். கூலிக்குப் பாவு நூல் தருகிற ஜவுளிக்காரரிடமிருந்து பணம் யார் கணக்கில் ஏறுகிறது? தறியோட்டிகளுக்குச் சனிக்கிழமை சம்பளம் யார் கையால் போகிறது? ஜிஎஸ்டி பதிவில் யார் போன் நம்பர்? மின்கட்டணத்தை யார் ஜிபேயில் கட்டுகிறார்? போன வருஷம் கடன் வாங்கினாரா? எனக்கு ரொம்பப் பிடித்த ஆதாரம் கடன் விண்ணப்பம்தான். கார் கடன் கேட்கும்போது மாதம் 90,000 வருமானம் என்று எழுதிக் கையெழுத்து போட்ட மனிதர், ஜீவனாம்சம் என்றதும் 8,000 என்பார். அந்த விண்ணப்பத்தை வங்கியிலிருந்து வரவழைக்கக் கோர்ட்டில் மனு போடலாம். மகள் முன்பு படித்த பள்ளியில் கட்டணம் கட்டிய ரசீதுகள், குடும்பமாகப் போன ஊர்களின் படங்கள், வீட்டில் புதிதாக வாங்கிய பொருள்கள் எல்லாம் சேர்ந்து அந்த வீடு எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டும். அவர் போனைத் திருட்டுத்தனமாகத் திறந்து எடுக்காதீர்கள், உங்கள் கைக்கு முறையாக வந்ததே போதும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தறித்தொழிலில் உண்மையிலேயே கெட்ட மாதங்கள் உண்டு. கூலி உயர்வு கேட்டுத் தறிகள் வாரக்கணக்கில் நின்றதையெல்லாம் நாம் பார்த்திருக்கிறோம். அவர் வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இரண்டு பேருமே பின்னால் மனு போடலாம். மாமனாரிடம் நேரடியாக ஜீவனாம்சம் கேட்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணவர் இருக்கும்போது பொறுப்பு கணவருடையதுதான்.

எவ்வளவு கிடைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் ஓடுகிறது. 2017இல் ஒரு வழக்கின் சூழ்நிலையை வைத்து உச்ச நீதிமன்றம் அந்த அளவு நியாயம் என்றது. எல்லா வழக்குக்கும் அதுவே விதி அல்ல. உங்கள் தரப்பில் செய்ய வேண்டியது பிள்ளைகளின் உண்மையான மாதச் செலவை எழுதுவது: பள்ளி, வேன், டாக்டர், பால், துணி, நோட்டு. ரசீது இருப்பதற்கு ரசீது.

வேலையை விடச் சொல்கிற சித்தப்பாவுக்கு என் வணக்கம். வேண்டவே வேண்டாம். மனைவி ஏதோ சம்பாதிக்கிறார் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது, அந்த வருமானம் போதுமா என்றுதான் பார்ப்பார்கள். 14,000 ரூபாயில் மூன்று உயிர் வாழ முடியுமா என்பதை நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தொகை கொஞ்சம் குறையலாம், பிள்ளைகளின் செலவு உங்கள் சம்பளத்தால் அற்றுப்போகாது. வழக்குக்காக வேலையை விட்டால் அதுவே உங்களுக்கு எதிரான கேள்வியாக வரும். சம்பளத்தை மறைக்கவும் கூடாது, அந்தப் பிரமாணப் பத்திரம் உங்களுக்கும்தான்.

மனுவை எதில் போடுவது? பழைய 125ஆவது பிரிவு என்று எல்லோரும் சொல்வது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அதில் கேட்கலாம். நீங்கள் இருக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு பஸ் மாறிப் பல்லடம் போக வேண்டியதில்லை. கோபியிலா ஈரோட்டிலா என்பதை உங்கள் வக்கீல் சொல்வார். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சமும் உடனே கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 60 நாளில் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா இழுக்கும், பொறுமை வேண்டும். ஆனால் தொகை எப்போது கிடைத்தாலும், மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் சும்மா இருந்த 14 மாதத்துக்கு இந்தப் பிரிவில் எதுவும் வராது. இன்னும் ஒரு மாதம் யோசித்தால் அந்த மாதமும் போச்சு.

உத்தரவு வந்த பிறகு பணத்தை வங்கிக் கணக்கில்தான் வாங்குங்கள். மாமா கையில் கொடுத்தனுப்பினேன் என்கிற கதை வேண்டாம். கொடுக்காவிட்டால் வசூல் மனு போடலாம், ஆனால் தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். அண்ணன் தம்பி சொல்லிப் பார்க்கட்டும் என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டு வருகிறவர்கள் இந்த வழியில் பழைய பாக்கியை இழக்கிறார்கள். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மனு போட்டுவிடுங்கள். ‘ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தா பாக்கி தீர்ந்துரும்’ என்று சில ஆண்கள் வீரம் பேசுவார்கள். தீராது. சிறை பணத்தை வரவழைக்கும் வழிதானே தவிர பணத்துக்கு ஈடல்ல என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடித்ததைப் பற்றி இரண்டே வரி எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். நாப்கினுக்குக்கூடக் கை ஏந்த வைப்பதும் சட்டத்தின் கண்ணில் வன்முறைதான், பொருளாதார வன்முறை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு, செலவுத் தொகை, நகை, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போகலாம். மிரட்டல் வந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். வரதட்சணைக் கொடுமை என்று மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மொத்தக் குடும்பத்தையும் இழுத்தால் வழிக்கு வருவார்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நடந்தது எதுவோ அதை மட்டும், செய்தவர் மேல் மட்டும் சொல்லுங்கள். பேரம் பேசுவதற்காகக் கொடுக்கும் புகார் கடைசியில் உண்மையான அடியையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்பதாலேயே, சம்பளம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பேசி முடிப்பதற்கு நான் எதிரி அல்ல. பெரியவர்களால் நகை வந்தால் ஒரு வழக்கு மிச்சம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான்கையும் பிரித்து வைத்துப் பேசுங்கள். நகை முதலில், எடை போட்டு, பட்டியலோடு. இரண்டு பிள்ளைகளும் உங்களிடம், அப்பா பார்ப்பதற்கு நாள் குறித்து. பிள்ளைகள் செலவுக்கு மாதத் தொகை, அதில் வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றம், காலேஜ் செலவுக்குத் தனி ஏற்பாடு. 144இல் 18 வயதோடு நின்றுவிடும் என்பதால் மகனின் காலேஜை இப்போதே எழுத்தில் கேளுங்கள். மகளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் கல்யாணம் வரை கேட்க வேறு சட்டம் இருக்கிறது. உங்களுக்கான தொகை தனி, பிள்ளைகளின் பெயரில் போடும் தொகை தனி. அவர்கள் பங்கை நீங்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் அப்புறம் விவாகரத்தைப் பற்றிப் பேசலாம், அதையும் கோர்ட்டில் போடும் கூட்டு மனுவிலேயே எழுதி. டிடி உங்கள் கைக்கு வரும் நாளும் கடைசிக் கையெழுத்து நாளும் ஒரே நாளாக இருக்கட்டும்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. மகள் வீட்டோடு வந்து இருக்கும்போது ஒரு தகப்பனுக்கு என்ன தோன்றுமோ அதைத்தான் சொல்கிறார். அந்த 276ஆல் வகுக்கும் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். கூட்டத்தில் அதை அவர் வாயால் சொன்னால், நீங்கள் சொல்வதைவிட நன்றாக எடுபடும். நோட்டீசுக்குப் பதில் அனுப்ப ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், அந்தத் தாளோடு சனிக்கிழமையே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.